கோத்தகிரி பங்களா ஏலத்துல ஒரு பழைய டீ பாட், 60,000க்கு எடுக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

கேத்தி_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம், நான் இங்க புதுசு, தப்பான எடத்துல கேட்டிருந்தா மன்னிச்சுக்கோங்க. கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவ வித்துட்டாங்க, வாங்கினவங்க இடிச்சுட்டு ரிசார்ட் கட்டப் போறாங்களாம், அதுக்கு முன்னாடி உள்ள இருக்குற சாமான் மொத்தத்தையும் வர்ற ஞாயித்துக்கிழமை ஏலம் விடுறாங்க. நேத்து பொருள்களப் பாக்க விட்டாங்க, நானும் போயிருந்தேன். தேக்கு பீரோ, மான் கொம்பு, எலி கடிச்ச பியானோ, ஒரு ரூம் முழுக்க பீங்கான் சாமான்.

எனக்கு வேண்டியது 47ஆம் நம்பர், ஒரு டீ பாட். வெள்ளையில நீலப் படம், ஒரு கோணல்மாணல் வேலி, பக்கத்துல பாறை, பூ மரம், சீனாக்காரங்க படம் மாதிரி. அடியில நீலத்துல ஒரு சின்ன பிறை. அவங்க குடுத்த லிஸ்ட்ல இப்படிப் போட்டிருக்கு, அப்படியே டைப் பண்றேன்: "அரிய வொர்செஸ்டர் பீங்கான் தேநீர்க் குடுவை, முழுமையானது, பழுதற்றது, பங்களாவின் முதல் துரை 1770இல் ஊட்டிக்குக் கொண்டு வந்தது." ஆரம்ப விலை 60,000, ஒன்றரை லட்சத்துல இருந்து ரெண்டு லட்சம் வரை போகும்னு எதிர்பாக்குறாங்களாம்.

கையில எடுத்துப் பாக்க விட்டாங்க. ஆனா என்ன பாக்கணும்னு எனக்குத் தெரியல, திருப்பித் திருப்பிப் பாத்துட்டு வெச்சுட்டேன். ரொம்ப சின்னதா இருக்கு, என் ரெண்டு கைக்குள்ள அடங்கிருச்சு, பொம்மை சாமானோன்னு கூட சந்தேகம் வந்துச்சு.

ஏன் வேணும்னா, எங்க அம்மிச்சி, அம்மாவோட அம்மா, கல்யாணமான புதுசுல அந்த பங்களா பேன்ட்ரியில தான் வேலை பாத்துச்சு, இப்ப 84 வயசு. அந்த நீல டீ பாட் கதை சின்ன வயசுல இருந்து கேட்டிருக்கேன். வாங்கி வந்து அதுல ஒரு டீ போட்டுக் குடுக்கணும்னு ஆசை. சீட்டு எடுத்த பணம் 70,000 கையில இருக்கு, வீட்ல இன்னும் சொல்லல, சொன்னா மிதிப்பாங்க. உண்மையிலயே அவ்வளவு பெறுமா?

கொடை_பேரிக்கா:

70,000 ரூபாய்க்கு ஒரு டீ பாட்டா, நல்லா இருக்கு தாயி. எங்க கொடைக்கானல்லயும் இதே கூத்து தான், எந்த பங்களாவ இடிச்சாலும் உள்ள இருக்குற எல்லாமே "முதல் துரை கொண்டு வந்தது" ஆயிரும், முதல் துரைக்கு எத்தனை கட்டில் இருந்துச்சோ தெரியல.

1770ல ஊட்டிக்கு எந்தத் துரை வந்தான்? கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் உங்க மலைக்கு ஏறினதே 1819ல. ஊட்டியில முதல் வீடு, அந்தக் கல் பங்களா, 1822ல தான் கட்ட ஆரம்பிச்சாங்க. 1770ல மைசூர்ல ஹைதர் அலி இருந்த காலம், அப்ப ஒரு வெள்ளக்காரன் டீ பாட்டத் தூக்கிட்டு தனியா மலை ஏறி கோத்தகிரியில குந்தி டீ குடிச்சானாக்கும். ஒரு வரியில இவ்வளவு பெரிய பொய் இருந்தா மிச்சத்த எப்படி நம்புறது, காசப் பத்திரமா வெச்சுக்க.

பழைய_பீங்கான்:

பேரிக்கா சொன்ன தேதிக் கணக்கு சரி, ஆனா அதுல இருந்து டீ பாட்டே பொய்னு முடிவு கட்டிடக் கூடாது. கதை பொய்யா இருக்கலாம், பொருள் நெசமா இருக்கலாம், 1770கள்ல இங்கிலாந்துல செஞ்சது அங்கயே யார் வீட்டு அலமாரியிலயோ ரெண்டு மூணு தலைமுறை இருந்துட்டு அப்புறம் யாரோ ஒருத்தரோட பெட்டியில இங்க வந்திருக்கலாம். நான் நாப்பது வருஷமா இந்த மலையில இதயே தோண்டிக்கிட்டு இருக்கேன் அம்மணி. ஏலக்காரர் சொல்ற கதைய வீட்டுல வெச்சுட்டு பொருள மட்டும் பாக்கப் போ, நான் பழகினது அவ்வளவு தான்.

முதல்ல பேரு, லிஸ்ட்ல வொர்செஸ்டர்னு போட்டிருக்காங்களே, அது ஊஸ்டர், எழுத்துல எப்படி இருந்தாலும் வாயில அப்படித் தான். 1751ல டாக்டர் வால்னு ஒருத்தரும் இன்னும் சிலரும் சேந்து ஆரம்பிச்ச ஃபேக்டரி. அவங்க அந்தக் காலத்துல நீலச் சாமானுக்கு அடியில பிறை போட்டது உண்மை, கையால வரைஞ்சதுக்கு வெறும் பிறை, அச்சு வெச்சு ஒட்டினதுக்கு உள்ள கோடு கோடா நிரப்பின பிறை. ஆனா பிறை இருந்தாலே ஊஸ்டர்னு ஆயிராது, அந்தக் காலத்துலயே லோஸ்டாஃப்ட்னு இன்னொரு இங்கிலாந்து ஃபேக்டரிக்காரன் அதக் காப்பி அடிச்சான், காஃப்லின்னு வேற ஒரு ஃபேக்டரிக்காரன் போட்ட "சி" எழுத்து வளைஞ்சு நெளிஞ்சு பாக்க பிறை மாதிரியே நிக்கும், அப்புறம் நூறு வருஷம் கழிச்சு பாரிஸ்ல சாம்சன் கம்பெனி எல்லாருடைய சாமானயும் மார்க்கோட சேத்துப் பண்ணி வித்தாங்க. மார்க்க நம்பிப் பணம் குடுத்தவங்க நெறைய பேர், நானும் ஒருத்தன், 1989ல ஒரு சாசருக்கு ஒரு மாசச் சம்பளம் குடுத்தேன், அது இப்ப எங்க வீட்டுல பூனைக்குப் பால் வெக்கிற தட்டு.

நீ சொல்ற வேலிப் படத்த சேகரிக்கிறவங்க 'ஃபென்ஸ்'னே சொல்லுவாங்க. ஊஸ்டர்லயும் வரும், காஃப்லியிலயும் வரும், ரொம்ப சாதாரணம். "அரிய"ன்னு போட்டத அடிச்சுரு.

மறுபடி பாக்க விட்டா இதெல்லாம் செய். நல்ல டார்ச் ஒண்ணு எடுத்துக்க, போன் லைட்டும் போதும், பாட்டுக்குள்ள லைட்ட விட்டு வெளிய நின்னு பாரு, வெள்ளைப் பகுதியில எந்தக் கலர் தெரியுது? ஊஸ்டர்னா லேசா பச்சை அடிக்கும். காஃப்லின்னா வைக்கோல் கலர், ஆரஞ்சு சாயல். அதே மாதிரி மூடியத் தனியா எடுத்து அதுக்கும் லைட் அடி, பாட்டும் மூடியும் ஒரே கலர் காட்டணும், இத மட்டும் மறந்துராத, எனக்கு மூடி மேல தான் சந்தேகம், இருநூறு வருஷத்துல மூடி தான் முதல்ல போகும்.

அடியத் திருப்பி அந்த வளையத்துக்கு உள்பக்கம் பாரு, கிளேஸ், அதான் மேல பூசின கண்ணாடி மெருகு, விளிம்பு வரைக்கும் வராம ஒரு மெல்லிசான கோடு வெறும் களிமண்ணா இருக்கும். அதுல பென்சில் நுனிய ஓட்டினா எழுதும், கிளேஸ் மேல எழுதாது. கேட்டுட்டு செய், இல்லேன்னா ஏலக்காரர் கத்துவார். "இங்கிலாந்து"ன்னு இங்கிலீஷ்ல எங்கயாவது எழுதியிருந்தா அப்பவே வெச்சுட்டு வந்துரு, அது 1891க்கு அப்புறம் வந்த பழக்கம், அமெரிக்காக்காரன் இறக்குமதிச் சட்டம் போட்டதால வந்தது.

மூக்கு நுனியும் கைப்பிடியும் தான் உடைஞ்சு ஒட்டுற எடம். மளிகைக் கடையில ரூபா நோட்டு செக் பண்ற நீல லைட் இருக்குல்ல, அத இருட்டுல காட்டு, ஒட்டுப் போட்டு பெயின்ட் அடிச்ச எடம் மட்டும் வேற மாதிரி மின்னும். ஒரு விரலால மெல்லத் தட்டு, நல்ல பீங்கான் கிணிங்னு சொல்லும், விரிசல் இருந்தா டொக்குன்னு சொல்லும். மூடிய எடுத்துட்டுத் தட்டு, மூடி இருந்தா நல்லதும் டொக்குனு தான் கேக்கும்.

கடைசியா, ஏலத் தொகை மேல அவங்க கமிஷன் எவ்வளவு, ஜிஎஸ்டி யாரு கட்டுறதுன்னு எழுத்துல வாங்கிக்க. சுத்தியல் விழுந்த தொகையும் கட்டுற தொகையும் ஒண்ணு இல்ல.

உறிஞ்சித்துப்பு:

டீ பாட்டுன்னதும் ஓடி வந்துட்டேன். நான் குன்னூர்ல டீ டேஸ்டர், எங்களுக்கு ஏலம்னா தூள் ஏலம் தான், 1963ல இருந்து நடக்குது, பாட்ட ஏலம் விடுவாங்கன்னு இப்ப தான் தெரியுது.

ஏன் அவ்வளவு சின்னதுன்னு கேட்டியே, அது பொம்மை இல்ல தங்கச்சி. அந்தக் காலத்துல இங்கிலாந்துல டீத்தூள் கொள்ளை விலை. எல்லாம் சீனாவுல இருந்து கப்பல்ல வரணும், அதுக்கு மேல வரி, ஒரு கட்டத்துல தூள் விலைய விட வரி ஜாஸ்தி, 119 சதவீதம்னு சொல்லுவாங்க, 1784ல தான் அத 12.5க்கு எறக்கினாங்க. அந்த விலையில யாரு அண்டா வெச்சு டீ போடுவா, டப்பாவுக்குப் பூட்டு போட்டு சாவிய இடுப்புல சொருகி வெச்சுக்கிட்டு வீட்டுக்காரம்மா தானே கையால போடுவாங்க. அதனால பாட்டு சின்னது. நாங்க டேஸ்டிங் பண்ற பாட்டு இன்னும் சின்னது, 2.8 கிராம் தூளுக்கு 140 மில்லி தண்ணி.

இன்னொரு விஷயம், அந்தப் பாட்டு உருவான காலத்துல நீலகிரியில ஒரு தேயிலைச் செடி கூட கிடையாது. இங்க முதல்ல நட்டுப் பாத்ததே 1835 வாக்குல, அதுவும் எங்கன்னு நெனைக்கிற, உங்க கேத்தியில தான்.

ஊஸ்டர் பாட்டுக்கு எங்க தொழில்லயும் மரியாதை உண்டு. அதுக்கு முன்னாடி செல்சி, டெர்பி மாதிரி ஃபேக்டரிக்காரங்க பண்ணினது பாக்க அழகா இருக்கும், கொதிக்கிற தண்ணி ஊத்தினா பட்டுனு விரிசல் விட்டுரும். ஊஸ்டர்க்காரங்க களிமண்ணோட மாக்கல்ல அரைச்சுக் கலந்தாங்க, கார்ன்வால்ல இருந்து வந்த கல்லு, அந்தக் கலவை கொதிநீர் தாங்கும். மாக்கல்னா தெரியும்ல, நம்ம ஊர்ல கல்சட்டி பண்றோமே அதே ஜாதி. பாட்டி கல்சட்டியில வத்தக் குழம்பு வெச்சதும் வெள்ளக்காரி ஊஸ்டர்ல டீ போட்டதும் ஒரே சூட்சுமம் தான், எனக்கு இது தெரிஞ்சப்ப ரெண்டு நாள் எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

ஆனா நீ வாங்கினா அதுல அம்மிச்சிக்கு டீ போடாத. பழைய கிளேஸ்ல ஈயம் உண்டு, உள்ள மெருகு தேஞ்சிருக்கும். அலமாரியில வெச்சு அழகு பாரு, டீய டம்ளர்ல குடு.

வெலிங்டன்_வக்கீல்:

யாரும் கேக்காததச் சொல்லிடுறேன். நூறு வருஷத்துக்கு மேல ஆன கலைப்பொருள் எல்லாம் 1972 தொல்பொருள் சட்டத்துக்குள்ள வரும். எங்க செஞ்சதுன்னு அந்தச் சட்டம் கேக்கல, வயசத் தான் கேக்குது. நாட்டுக்குள்ள வாங்கலாம் விக்கலாம், ஆனா வியாபாரமா விக்கிறவங்ககிட்ட லைசென்ஸ் இருக்கணும், பில் கேட்டு வாங்கு, பில் இல்லாம எடுக்காத. வெளிநாட்டுக்கு அனுப்ப தனி ஆளுக்கு உரிமை கிடையாது, மீறினா குறைஞ்சது ஆறு மாசம், மூணு வருஷம் வரைக்கும் உள்ள. அதனால "இங்க 60,000க்கு எடுத்து லண்டன்ல ஏலம் விட்டுக்கலாம்"னு யாராவது பக்கத்துல நின்னு ஓதினா காதுல வாங்காத. இங்கிலாந்துல பொறந்த பாட்டு, இங்கிலாந்துக்குத் திரும்பிப் போக முடியாது, சட்டம் அப்படி.

அப்புறம் மான் கொம்புன்னு சொன்னியேம்மா, அதப் பக்கத்துல போய்த் தொடக் கூட வேணாம். அதுவும் 1972 தான், வனவிலங்குச் சட்டம். ஏலத்துல அத எப்படி வெச்சாங்கன்னே எனக்குப் புரியல.

கொடை_பேரிக்கா:

நான் ஒண்ணு படிச்சேன், லண்டன்ல யாரோ 15 பவுண்டுக்கு வாங்கின உடைஞ்ச டீ பாட்டு கோடிக் கணக்குல போச்சாமே, அப்ப நம்ம பொண்ணு பாட்டும் அப்படி இருந்தா? இப்ப எனக்கே ஆசை வருது.

பழைய_பீங்கான்:

வந்துருச்சுய்யா அந்தக் கதை. அது லண்டன் இல்ல, சாலிஸ்பரி, 2018 பிப்ரவரி. 15 பவுண்டுக்கு வாங்கினது உண்மை, மூடி இல்லாதது, கைப்பிடி உடைஞ்சு ஒட்டினது, சுத்தியல் விழுந்தது 4,60,000 பவுண்டுக்கு, கமிஷன் சேத்து 5,75,000. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்காக எடுத்தாங்க. ஆனா அது ஊஸ்டர் இல்ல, இங்கிலாந்துலயே செஞ்சது இல்ல. ஜான் பார்ட்லம்னு ஒரு ஸ்டாஃபர்ட்ஷயர் குயவன் 1760கள்ல கடல் தாண்டி தெற்கு கரோலினாவுல போய்ப் பண்ணினது, அமெரிக்க மண்ணுல அவன் செஞ்ச பீங்கான்ல அப்ப வரைக்கும் தெரிஞ்சதே ஏழு தான், அதுல அதுவும் ஒண்ணு. அமெரிக்காக்காரனுக்கு அது சரித்திரம், அதனால அந்த விலை. அதுல இருந்து என் வீட்டு வாசல்ல மூடி இல்லாத பாட்டோட ஆளுங்க வர்றது நிக்கல.

சாதாரண ஊஸ்டர் நீலப் பாட்டு இப்ப அங்கயே இருநூறு முன்னூறு பவுண்டுக்குள்ள கெடைக்கும். அம்மணி, டார்ச் அடிச்சியா இல்லயா?

கேத்தி_பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பதில் வரும்னு நெனைக்கல. இன்னிக்கு ஸ்கூல்ல அரை நாள் லீவு போட்டுட்டு மறுபடி போனேன். மளிகைக் கடை அண்ணன்கிட்ட நோட்டு லைட்ட கெஞ்சி வாங்கிட்டுப் போனேன், எதுக்குன்னு கேட்டார், டீ பாட்டுக்குன்னேன், ஒரு மாதிரியாப் பாத்தார்.

ரிசல்ட் இது தான் சார். உள்ள டார்ச் விட்டா பச்சை இல்லவே இல்ல, மங்கலான ஆரஞ்சு, நெய் உருக்கினா வருமே அந்தக் கலர். மூடிக்கு லைட் அடிச்சா பளிச்சுனு வெள்ளை. பக்கத்துல பக்கத்துல வெச்சா சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். நீலமும் வேற, பாட்டுல கொஞ்சம் ஊதா கலந்த நீலம், மூடியில மயில் கழுத்து மாதிரி. மூடியில இருக்குறது வேலியும் இல்ல, ஒரு பாலமும் ரெண்டு பறவையும் இருக்கு. வெச்சா லேசா ஆடுது. இதப் போய் எப்படி "முழுமையானது"ன்னு போட்டாங்க.

அடியில பென்சில் விட விடல, ஆனா அந்த வெறும் கோடு கண்ணுக்கே தெரிஞ்சுது. பிறைன்னு நான் சொன்னது, போன்ல பெருசு பண்ணிப் பாத்தா பிறையா 'சி'யான்னு சத்தியமா சொல்ல முடியல. நோட்டு லைட்ல மூக்கு நுனி மட்டும் பால் ஊத்தின மாதிரி மின்னுச்சு, ஒரு கட்டை விரல் அகலத்துக்கு. தட்டினா சத்தம் நல்லா வந்துச்சு.

இப்ப தான் முக்கியமான விஷயம். வீட்டுக்கு வந்து அம்மிச்சிகிட்ட மெதுவா, அந்தப் பாட்டோட மூடி எப்படி இருக்கும்னு கேட்டேன். டக்குனு மூஞ்சி மாறிருச்சு. "மூடியப் பத்தி உனக்கு யாரு சொன்னா"ன்னு கேட்டுச்சு.

பேன்ட்ரியில பீங்கான் கழுவ மரத்தொட்டி தான் வெப்பாங்களாம், அடியில துண்டு விரிச்சு, ஒரு சாமான் கழுவித் தொடச்சு வெச்ச பிறகு தான் அடுத்தது உள்ள போகணும், ரெண்டு சாமான் ஒண்ணா தொட்டியில இருக்கக் கூடாது. அப்படிக் கழுவி மூடிய ஜன்னல் திட்டுல கவுத்து வெச்சிருக்கு, வெயில் படட்டும்னு. மேல பூ மொட்டு மாதிரி ஒரு குமிழ் இருக்குமாம். பழம்னு நெனச்சதோ என்னவோ, குரங்கு ஒண்ணு கைய உள்ள விட்டு எடுத்துட்டுப் போயி தகரக் கூரை மேல உக்காந்து கடிச்சுப் பாத்துட்டு வீசிருச்சு. கூரையில உருண்டு வந்த சத்தம் இன்னும் காதுல இருக்குன்னு சொல்லுது. துரைசாணி திட்டலயாம், வேற ஏதோ உடைஞ்ச பாட்டோட மூடிய எடுத்து மேல வெச்சுட்டு, மாசம் ரெண்டு ரூபா சம்பளத்துல புடிச்சுக்கிட்டாங்களாம், ஒரு வருஷம். "குரங்கு உடைச்சதுன்னு சொன்னேன், நம்பல"ன்னு சொல்லும்போது அதுக்கு இன்னும் கோவம். 1965 வாக்குல நடந்தது.

பழைய_பீங்கான்:

உங்க அம்மிச்சி கால் எங்க இருக்குன்னு சொல்லு, விழுந்துட்டு வர்றேன். ஒரு பொருளுக்கு இதை விட நல்ல சாட்சி நான் பாத்ததில்ல.

நீ சொன்னத வெச்சு என் முடிவு: பாட்டு காஃப்லி. ஷ்ராப்ஷயர்ல தாமஸ் டர்னர் நடத்தினது, 1770கள் நடுவுல இருந்து 1799 வரைக்கும். ஊஸ்டர் மாதிரியே மாக்கல் கலவை தான், படமும் அவங்களப் பாத்து அடிச்சது தான், ஊஸ்டர்ல செப்புத் தகட்டுல படம் செதுக்கின ராபர்ட் ஹான்காக்கே பின்னாடி காஃப்லிக்குப் போனவர், அதனால கண்ணால பாத்தா கொழம்பத் தான் செய்யும், லைட் தான் காட்டிக் குடுக்கும். மூடி அதுக்கு அப்புறம் வந்த போன் சைனா, எலும்புச் சாம்பல் பாதிக்குப் பாதி போடுறதால தான் அப்படிப் பளிச்சுனு வெள்ளை அடிக்குது, பாலமும் ரெண்டு பறவையும்னா வில்லோ படம், அது வீட்டுக்கு வீடு இருந்தது. மூக்கு நுனி ஒட்டுப் போட்டது.

ஆக, நெசமாவே இருநூறு வருஷத்துக்கு மேல ஆன பாட்டு, பொய் இல்ல. ஆனா பேரு தப்பு, மூடி தப்பு, மூக்கு ரிப்பேர், கதை தப்பு. இங்கிலாந்துல இந்த நெலமையில நூறு பவுண்டு தாண்டுறதே சந்தேகம். இங்க கமிஷன் எல்லாம் சேத்து 12,000க்கு மேல குடுக்காத, மனசு கேக்கலேன்னா 15,000. அதுக்கு மேல குடுத்தா அது அம்மிச்சி கதைக்குக் குடுக்குற காசு, அது உன் இஷ்டம், ஆனா தெரிஞ்சே குடு.

ஏலத்துக்கு முன்னாடி அவங்ககிட்ட மூடி விஷயத்த மரியாதையா சொல்லிரு. விலை எறங்கட்டும்னு இல்ல, தெரியாம ஒருத்தன் ரெண்டு லட்சம் குடுத்துட்டுப் போகக் கூடாது.

வெலிங்டன்_வக்கீல்:

எழுத்துல குடும்மா. வாயால சொன்னா "அப்படியா"ன்னு கேட்டுட்டு மறந்துருவாங்க.

கேத்தி_பொண்ணு:

ஏலம் முடிஞ்சுது. பாட்டு கெடைக்கல.

காலையில போனதும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தேன், மூடி வேற, மூக்குல ஒட்டு, 1770ல ஊட்டியில துரை இல்லன்னு மூணு வரி. அந்த ஆள் படிச்சுட்டு ஒண்ணும் பேசல, டார்ச் எடுத்துட்டு உள்ள போனார். அஞ்சு நிமிஷம் கழிச்சு வந்து "நீங்க என்ன மேடம் பண்றீங்க"ன்னு கேட்டார். அஞ்சாங்கிளாஸ் டீச்சர்னேன். 47ஆம் நம்பர் வந்தப்ப மைக்லயே, மூடி பிற்காலத்தது, மூக்கு பழுது பாத்ததுன்னு சொல்லிட்டார், ஊஸ்டர்ங்கறத மட்டும் "ஊஸ்டர் பாணி"ன்னு நைசா மாத்திக்கிட்டார். 60,000க்கு ஒரு கை எழும்பல. 40, 25னு எறக்கி 10,000ல தான் முதல் கை, அது என் கை. எனக்கு வேர்த்து ஊத்துது, வெளிய பதினாலு டிகிரி. 15,000 வரைக்கும் நான் தான். பெங்களூர்ல இருந்து வந்த ஒரு ஜோடி 16ன்னாங்க, நான் 17ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, சார் எழுதினத நெனச்சு கைய மடியில வெச்சு அமுக்கிக்கிட்டேன். அப்புறம் போன்ல யாரோ சேந்துக்கிட்டு கடைசியில 28,000க்கு அந்த ஜோடிக்கே போச்சு. கமிஷன் 15 சதவீதம் தனி.

அவங்க கிளம்புறப்ப போய்ப் பேசினேன், குரங்குக் கதையச் சொன்னேன். அந்த அக்கா கைப்பையில இருந்து நோட்டு எடுத்து எழுதிக்கிட்டாங்க, அம்மிச்சி பேரு, வருஷம், எல்லாம். பாட்டோட சேத்து வெப்பேன்னாங்க. அம்மிச்சிகிட்ட வந்து சொன்னா, பாட்டு போனதப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல, "குரங்குன்னு எழுதிக்கிட்டாளா, நீ பாத்தியா"ன்னு மூணு தடவை கேட்டுச்சு.

வெறுங்கையோட வரல. 112ஆம் நம்பர் ஒரு டிரங்குப் பெட்டி நெறைய பேன்ட்ரி சாமான் 900 ரூபாய்க்கு எடுத்தேன், வேற யாரும் கேக்கவே இல்ல. தகர ஜெல்லி அச்சு நாலு, எனாமல் தட்டு ஆறு, கைப்பிடி சுத்தி கறி அரைக்கிற மெஷின் ஒண்ணு. அந்த மெஷின்ல தான் அம்மிச்சி தெனமும் கறி அரைக்குமாம், பாத்ததும் கைப்பிடியத் தடவிட்டு "இந்த எழவ இன்னும் தூக்கிப் போடலயா"ன்னுச்சு. முழுக்கத் துரு, திருகு சுத்தவே மாட்டேங்குது. என்ன போட்டா கழலும்?

உறிஞ்சித்துப்பு:

மண்ணெண்ணெய்ல ரெண்டு நாள் ஊற வை தங்கச்சி. கிடைக்கலேன்னா தேங்காய் எண்ணெய சூடு பண்ணி மரையில விடு. சுத்தியலால மட்டும் தட்டாத, அது வார்ப்பிரும்பு, பீங்கான் மாதிரியே ஒடையும்.

கொடை_பேரிக்கா:

கழண்ட பிறகு புளி போட்டுத் தேய். அப்புறம் அந்தப் பெட்டிய அடி வரைக்கும் துழாவிப் பாத்தியா, பூ மொட்டு வெச்ச மூடி ஏதாச்சும் உள்ள கெடக்கப் போகுது.

கேத்தி_பொண்ணு:

பாத்துட்டேன். பாச்சா உருண்டை தான் இருந்துச்சு.